நீங்கள் போனை வைக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

அக்கா,

குவீன்ஸ்டவுன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய பிஸ்கட் டின்னில் ஹெட்செட்டின் பஞ்சு உறை ஒன்று கிடைத்தது. காதில் படும் இடத்தில் மாட்டும் வட்டமான கறுப்புப் பஞ்சு. கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்து விரல்களில் அப்பிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஹெட்செட் எல்லாருக்கும் பொது, பஞ்சு மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி. சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயப்போடுவேன். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டுதான் உங்கள் குரலைக் கேட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி ஆறேழு மாதம் ஆகிறது. உங்கள் முன்னால் பல வருடம் தலையைக் குனிந்தபடியே பேசியிருக்கிறேன். எழுதும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விமானத்தளத்தின் தகவல் தொடர்பு அறையில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. போர் விமானங்கள் சிலவும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் பயிற்சிக்காகக் கடல் கடந்து வேறொரு நாட்டுத் தளத்துக்குப் போயிருந்தார்கள். இங்கே ஒரு விமானம் எழும்பித் திரும்புவதற்குள் பக்கத்து நாட்டு வானம் வந்துவிடும். அதனால் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பறந்தார்கள். உங்கள் கணவர் சேவியர் அண்ணன் அந்தக் கூட்டத்தில் ஒரு டெக்னீஷியன்.

அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் செயற்கைக்கோள்தான். ரேடியோவில் பேசினால் பாதி இரைச்சலில் போய்விடும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், புல்வெளியில், பெரிய வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தின் ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றிருக்கும். காலையில் வேலைக்கு வந்ததும் வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த மேகப்படம் ஈரம் காயாமல் மெஷினிலிருந்து வரும். அதை நாங்கள் அனுப்பிய பிறகுதான் அன்று பறக்கலாமா வேண்டாமா என்று அங்கே முடிவு செய்வார்கள். பகல் முழுக்க டெலெக்ஸ் மெஷினில் தட்டச்சுச் செய்திகள். பம்ப் ஒன்று பழுது, சக்கரத்துக்கு ரப்பர் சீல் வேண்டும் என்று அங்கிருந்து தட்டுவார்கள், இங்கிருந்து சரக்கு விமானத்தில் போகும். என் அப்பா சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர்களை நிறுத்திவைத்து, "என் மக ராக்கெட் வேல பாக்குறா லா" என்பார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பெருமை இருந்தது.

ஆட்கள் புறப்படுவதற்கு முன் குடும்பத்துப் பெண்களை ஒரு ஹாலுக்கு வரவழைத்தார்கள். அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். ஆங்கிலம் தெரியாத தாய்மார்களுக்காக என்னை மேடையில் ஏற்றித் தமிழில் சொல்லச் சொன்னார்கள். நீங்கள் இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "வீட்டுக் கவலைய அவங்க காதுல போடாதீங்க," என்று நான் மைக்கில் சொன்னேன். "மனசு கலங்கினா கை தவறும். கை தவறினா மேல பறக்கிறவர் உயிருக்கே ஆபத்து." அதிகாரி சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் உங்கள் காதில் விழுந்தது என் குரல்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நீங்களே என்னிடம் வந்தீர்கள். "நீ நம்ம பக்கத்து பிளாக் பொண்ணுதானே? மார்க்கெட்ல பாத்திருக்கேன். இங்க என்ன வேல?"

"டைப்பிங், அக்கா," என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் செயற்கைக்கோள் லைனைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டார்கள். முன்கட்டடத்தில் சின்ன அறை, நாற்காலி, ஒரு போன். ஒருவர் முடித்து வெளியே வந்ததும் அடுத்தவர் போவார். விமானத்தைப் பற்றி, பறக்கும் இடத்தைப் பற்றி, திரும்பும் தேதியைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் லைன் தானாகக் கட்டாகிவிடும் என்று உங்களிடம் சொல்லியிருந்தார்கள். தானாக ஒன்றும் கட்டாகாது, அக்கா. பின்கட்டடத்தில் ஒரு ஆள் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் பேசுபவர்களை எங்கள் சூப்பர்வைசர் மிஸ்டர் லிம் கேட்டார். தமிழ் அழைப்புகள் எனக்கு. "உன் ஆளுங்கள நீ பாத்துக்கோ," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முதல் ஞாயிறு உங்கள் குரல் காதில் விழுந்ததும் எனக்கு முகமெல்லாம் சுட்டது. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல இருந்தது.

ஒருவர் சொன்னது வானத்துக்குப் போய் இறங்கி வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழும். அதற்குள் பதில் வரவில்லையே என்று நீங்கள் மறுபடி ஆரம்பிப்பீர்கள், அதே நேரம் அண்ணனின் பதில் வந்து மோதும். "நீ சொல்லு." "இல்ல, நீங்க சொல்லுங்க." மறுபடி இரண்டும் மோதும். "ஆகாயத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என் பேச்சு ஆறிப் போயிடுதுங்க," என்று நீங்கள் சொன்னபோது அண்ணன் சிரித்தார், தனியாக உட்கார்ந்து நானும் சிரித்தேன். அப்புறம் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கடைசியில் "அவ்ளோதான்" என்பீர்கள். அது வந்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறப்பார். "சோறு வடிச்சுட்டுத்தான் வந்தேன். கோயிலுக்குப் போயிட்டு வந்தாச்சு. உங்க அம்மா நல்லாருக்காங்க. அவ்ளோதான்."

நீங்கள் கர்ப்பமாக இருப்பது அந்த லைனில்தான் எனக்குத் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் யாரிடமும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அவர் கிளம்பும்போது இரண்டோ மூன்றோ மாதம். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்று தங்காமல் போனதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வாரா வாரம் அண்ணன் முதலில் அதைத்தான் விசாரிப்பார்.

இதற்கிடையில் நாம் நெருங்கிவிட்டோம். நீங்கள் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போகும் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒரே நிறுத்தத்தில். மைக்ராஸ்கோப்பில் சிப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்ணோடு வருவீர்கள். "வா, சாப்ட்டுட்டுப் போ" என்று வீட்டுக்கு இழுத்துப் போவீர்கள். ஒரு தடவை லைனில் அண்ணனிடம் முதுகுவலி என்று சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்து நான் தைலம் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். நீங்கள் பாட்டிலை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தீர்கள். "நல்ல பொண்ணு," என்றீர்கள். நான் செய்த தப்பு எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது.

"குழந்த உதைக்குதா?" என்று அண்ணன் கேட்டார்.

வழக்கமான இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அவர் அதை வானத்தின் கணக்கில் எழுதியிருப்பார். "உதைக்குதுங்க," என்றீர்கள். "உங்கள மாதிரியே சும்மா இருக்க மாட்டேங்குது. அவ்ளோதான்."

அண்ணன் சிரித்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், போனை வைத்தார். அந்தப் பக்கம் லைன் செத்துப்போனது. இந்தப் பக்கம் நீங்கள் வைக்கும்வரை நான் இருக்க வேண்டும், அதுதான் விதி. நீங்கள் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"இல்லைங்க," என்றீர்கள் அந்தச் செத்த லைனில். "போன வாரமே போயிடுச்சு. நான் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்க கவலப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." பிறகு அழுதீர்கள். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி, "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள்.

என் பின்னால் மிஸ்டர் லிம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் இணைத்தேன்.

அந்த வாரம் பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். பையில் முள்ளங்கி வைத்திருந்தீர்கள். மீன் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினீர்கள். நானும் அதையே பேசினேன். உங்கள் வயிற்றைப் பார்க்காமல் இருப்பதற்காக உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லாருக்கீங்களா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் வேலை வெளியே தெரிந்துவிடும் என்று பயம். நீங்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்த உடம்போடு எனக்குச் சோறு போட்டீர்கள், நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியே நடந்தது. அவரிடம் ஒன்று சொல்வீர்கள், அவர் வைத்த பிறகு உண்மையைச் சொல்வீர்கள். சில நாள் இரண்டு வார்த்தை, சில நாள் நிறைய. நான் அசையாமல் கேட்பேன். வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் வர நேராமல் வேண்டுமென்றே அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை டெலெக்ஸில் அந்தச் செய்தி வந்தது. என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது குழாய் ஒன்று வெடித்துச் சூடான எண்ணெய் சேவியர் அண்ணன் மேல் கொட்டிவிட்டது. வலது கையிலும் நெஞ்சிலும் தீப்புண், உயிருக்கு ஆபத்தில்லை. திங்கட்கிழமை அதிகாரி நேரில் வீட்டுக்குப் போய்ச் சொல்வார், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார்கள்.

மறுநாள் நீங்கள் வழக்கம் போல வந்து போனை எடுத்தீர்கள். அந்தப் பக்கம் வேறொரு ஆள். "சேவியருக்கு இன்னிக்கு டியூட்டி, அக்கா."

"ஞாயித்துக்கிழம போன் இருக்குன்னா அவரு டியூட்டிய மாத்திக்குவாரு. என்ன ஆச்சு தம்பி?"

"ஒன்னும் இல்லக்கா. டியூட்டிதான்." அவர் அவசரமாக வைத்துவிட்டார்.

நீங்கள் வைக்கவில்லை. இந்தத் தடவை அழவில்லை. குரல் நேராக என் காதுக்கு வந்தது.

"அங்க கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் சொல்றேன். உங்களால பேச முடியாதுன்னு எனக்குத் தெரியும். பேச வேணாம். அவரு உசுரோட இருந்தா எனக்குக் கேக்குற மாதிரி எதையாவது ஒரு தடவ தட்டுங்க. இல்லன்னா சும்மா இருங்க."

அத்தனை மாதமும் சும்மா இருப்பதுதான் என் வேலை. அன்றைக்குச் சும்மா இருந்தாலும் அது ஒரு பதிலாகிவிடும். மிஸ்டர் லிம் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி டெலெக்ஸ் காகிதத்தைக் கிழிக்க ஆரம்பித்தார். நான் சுவிட்சைத் தட்டினேன், லைனில் 'டக்' என்று கேட்டது.

"தேங்க்ஸ், வசந்தா," என்றீர்கள். போனை வைத்தீர்கள்.

என் பெயர் அந்த ஹெட்செட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அண்ணனைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, ஒரு காலை நேரத்தில் என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். மீன் வாங்கிவிட்டு, இஞ்சி டீ வாங்கி என் முன்னால் வைத்தீர்கள். நான் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"எப்பத்திலேர்ந்து தெரியும் அக்கா?"

"நீ தைலம் கொண்டாந்த அன்னிக்கே தெரியும். முதுகுவலின்னு நான் வேற யாருகிட்டயும் சொல்லல."

"அப்ப... அதுக்கப்புறம் நீங்க அழுதது..."

"யாருக்கும் கேக்கக் கூடாதுன்னா போன வெச்சிட்டு அழுதிருப்பேன்ல?" நீங்கள் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். "எங்க அம்மாவும் இல்ல. அக்கா தங்கச்சியும் இல்ல. நீ இருக்கேன்னு நெனச்சு சொன்னேன்."

அதுவரை நான் வெட்கப்பட்டது ஒட்டுக் கேட்டதற்காக. அந்த டீக்கடையில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னை நம்பி ஒருத்தி வாரா வாரம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு அவள் முன்னாலேயே உட்கார்ந்து மீன் விலை பேசியிருக்கிறேன்.

"அண்ணன்கிட்ட குழந்தையப் பத்தி..."

"சொல்லிட்டேன். ரொம்பக் கோவம். 'எப்படி உன்னால இவ்ளோ பொய் சொல்ல முடிஞ்சுது?'ன்னாரு. பரவாயில்ல."

"போன வெச்சப்புறம் உண்மைய சொன்னேன்னு அவருகிட்ட சொல்லலாமே?"

"சொன்னா யாரு கேட்டான்னு கேப்பாரு. உன் பேரு வரும். அப்புறம் அவரு உன் மூஞ்சில முழிக்கணும், நீ அவரு மூஞ்சில முழிக்கணும்." என் டீயை எடுத்து நீங்களே ஆற்றினீர்கள். "வேணாம். அவருக்கு நீ தங்கச்சி மாதிரி. அப்படியே இருக்கட்டும்."

நான் சரி என்று தலையாட்டினேன். அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. என் முகம் காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காக நீங்கள் பொய்க்காரி என்ற பெயரைச் சுமந்தீர்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. கை சரியானதும் ஸ்டோரில் வேறு வேலை கொடுத்தார்கள், உங்களை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் எதற்காவது நீங்கள் "ஒன்னும் இல்லைங்க" என்றால், அவர் ஒரு நொடி உங்களை உற்றுப் பார்ப்பார். அந்தப் பார்வையை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் உடனே என் தட்டில் குழம்பு ஊற்றுவீர்கள். நான் வேலையை விட்ட பிறகும், கல்யாணம் ஆன பிறகும் அது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாட்களில், "வலி இல்லைங்க" என்று நீங்கள் சொன்னபோதும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

போன மாதம் நாங்கள் பாசிர் ரிஸ் புது வீட்டுக்கு வந்தோம். கூரையில் காற்றாடி மாட்டித் தர அண்ணன் வந்திருந்தார். என் கணவர் மீதிச் சாமான் எடுக்கப் போயிருந்தார். வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தோம், பக்கத்து வீட்டிலும் சுத்தியல் சத்தம். அண்ணன் ஏணியில் நின்று, அந்த இறுகிப்போன வலது கையால் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டார்.

"வசந்தா, நீ அவகூடவே இருந்த. ஒன்னு கேக்குறேன். குழந்த போனதுக்கப்புறமும் உதைக்குது உதைக்குதுன்னு சொன்னா. எனக்காகத்தான் சொன்னா, புரியுது. ஆனா குரல் கொஞ்சங்கூட நடுங்கல. அவளுக்கு அது அவ்ளோ சுலபமாவா இருந்துச்சு? சாகுறப்ப கேக்கலாம்னு நெனச்சேன். வாய் வரல."

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை மீறினேன், அக்கா.

"அண்ணே, அந்த லைன்ல நான் இருந்தேன்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எந்த லைன்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். டைப்பிங் இல்லை, கேட்பதுதான் என் வேலை என்பதை. நீங்கள் பேசிய எல்லாத் தமிழையும் நான் கேட்டேன் என்பதை. அவர் வைத்த பிறகு நீங்கள் வைக்கவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தீர்கள் என்பதை. சொல்லும்போது புதுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஏணியிலிருந்து இறங்கி, கட்டிப்போட்டிருந்த ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தையும் எனக்கு மறந்திருக்கவில்லை. உங்கள் மூக்கு உறிஞ்சல் வந்த இடம்கூட நினைவில் இருந்தது. அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "நான் மொதல்ல வெச்சிருக்கக் கூடாது," என்றார். அப்புறம், "பையனா பொண்ணான்னு ஆஸ்பத்திரியில கேக்கலைன்னு சொன்னா. உண்மையிலேயே கேக்கலையா?"

அது எனக்குத் தெரியும், அக்கா. கடைசிக்கு முந்தின ஞாயிறு அவர் வைத்த பிறகு நீங்கள் சொன்னீர்கள். அவர் தாங்க மாட்டார் என்று பிறகு அதை மட்டும் மறைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

"பொண்ணு, அண்ணே. அமலின்னு பேரு வெச்சிருந்தாங்க."

அவர் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. ஏணியில் ஏறிக் காற்றாடியை மாட்டி முடித்தார். கிளம்பும்போது, "அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். வர்ற மாசம் கல்லறைக்குப் போறேன். நீயும் வா," என்றார்.

நேற்றுப் போனோம். கல்லில் உங்கள் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அமலியின் பெயரையும் வெட்டச் சொல்லியிருந்தார். எழுத்துகளில் இன்னும் வெள்ளைத் தூசி இருந்தது. அவர் மண்டியிட்டு, கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டே உங்களிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

நான் காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்து போய் நின்றேன்.